தாரணி அக்காவின் பன்னிரண்டு பந்துகள்

தாரணி அக்காவை த்ரோபால் அணியிலிருந்து எடுத்ததற்குக் காரணம் ஒரு கேட்ச். விட்ட கேட்ச் என்றால்கூடப் பரவாயில்லை, பிடித்த கேட்ச். அதுவும் எப்படிப் பிடித்தது!

போன வருஷம், தசராவுக்கு முந்தின ஞாயிறு. மைசூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளின் பெண்கள் அணிகள் வருஷா வருஷம் ஆடும் போட்டி. எங்கள் ஊதுபத்திக் கம்பெனி ஒரு பக்கம், பிஸ்கட் கம்பெனி ஒரு பக்கம். பதினாலுக்குப் பதினாலு. அவர்கள் பக்கத்து நெட்டைப் பெண் ஓங்கி எறிந்த பந்து வலையை உரசி, வழி மாறி, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது அக்கா குனிந்து இரண்டு கையாலும் வாரி எடுத்துவிட்டார். ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த நான் பேனாவோடு எழுந்து நின்றேன்.

அக்கா இடுப்பைத் திருப்பினார். வலது பக்கம் நின்ற நஞ்சம்மாவின் கையில் பந்தை வைத்தார். நஞ்சம்மா வாங்கிக்கொண்டார். அவரும் இடுப்பைத் திருப்பி, அடுத்து நின்ற கேப்டன் ரூபா மேடத்தின் கையில் வைத்தார். ரூபா மேடம் பந்தை வைத்துக்கொண்டு, தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார்.

த்ரோபாலில் பந்தைப் பிடித்தவர்தான் எறிய வேண்டும். மூன்று வினாடிக்குள், ஒரே கையால், தோளுக்கு மேலிருந்து, வலைக்கு அந்தப் பக்கம். கூட ஆடுகிறவருக்குக் கொடுக்கவே கூடாது. இது முதல் நாள் முதல் பாடம். நடுவர் சிரித்து முடித்த பிறகுதான் விசில் ஊத முடிந்தது. கோப்பை பிஸ்கட்டுக்குப் போனது.

"என்னக்கா இது? கோயில் பிரசாதமா, கைமாத்தி கைமாத்திக் குடுக்கறதுக்கு?" என்றார் ரூபா மேடம்.

"கைக்கு வந்துச்சு மேடம். கை குடுத்துருச்சு."

"நஞ்சம்மா, நீங்க? நீங்க ஏன் வாங்கினீங்க?"

"நல்லா இருக்கே!" என்று நஞ்சம்மா இடுப்பில் கை வைத்தார். "ஒருத்தி மரியாதையா நீட்டறா. வாங்காம தட்டி விட்டா நல்லாருக்குமா? எங்க ஊர்ல அப்படிப் பழக்கமில்லீங்."

அந்த வாய்க்கு நஞ்சம்மா தப்பித்தார். தாரணி அக்கா எட்டாவது ஆளானார். எட்டாவது ஆள் என்றால் தண்ணீர் பாட்டில், துண்டு, காலணிகளுக்குக் காவல்.

ஏன் கை கொடுத்தது என்பது அவர்கள் இருவரையும் தெரிந்தவர்களுக்குப் புரியும். தாரணி அக்கா ஹனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் என்றால் பெண் பிள்ளைகளை ஸ்கூல் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார்களாம். பதினெட்டு வயதில் கொத்தனார் சித்தையனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தார். பதினோரு வருஷம் தளம் போடும் கூட்டத்தில் வேலை. கலவை மிஷினிலிருந்து மொட்டை மாடி வரை இருபது பேர் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். இடது பக்கத்திலிருந்து சாந்துச் சட்டி வரும், வலது பக்கம் போகும். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, பார்க்கவும் கூடாது. ஒருத்தி நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். அந்தப் பதினோரு வருஷமும் அக்காவுக்கு வலது பக்கம் நின்றவர் நஞ்சம்மா.

முட்டி வலி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே ஊதுபத்தி பேக்கிங்குக்கு வந்தார்கள். சிநேகிதிகள் என்றால் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு ஆடுவார்கள் என்று ரூபா மேடம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். ரொம்பவே புரிந்துகொண்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு அந்த இடம் திரும்ப வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை ஒருநாள் டெஸ்பாட்ச் வாசலில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காத ஆளிடம் சிலர் சொல்லிவிடுவார்கள்.

"அரை மணி நேரம் தம்பி. அந்த அரை மணி நேரம் எனக்கு முட்டி வலிக்கறதில்லை. பையன் கணக்குல கோட்டை விட்டது ஞாவகம் வர்றதில்லை. பந்து வருது, பந்து போவுது, அவ்வளவுதான். நாப்பது வயசுக்குள்ள எனக்குன்னு ஆம்புட்டது அது ஒண்ணுதான். அதையும் நானே தூக்கி நஞ்சம்மா கையில குடுத்துட்டேன் பாருங்க!" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்ப வர ஒரு வழி இருந்தது. ரூபா மேடத்தின் வழக்கம் அது. தசரா போட்டிக்கு முந்தைய மூன்று வெள்ளிக்கிழமைகளில், சாப்பாட்டு இடைவேளையில், பத்தி காயவைக்கும் முற்றத்தில் யார் வேண்டுமானாலும் பன்னிரண்டு பந்து கேட்கலாம். மேடம் எறிவார். பன்னிரண்டையும் பிடித்து, விதிப்படி திருப்பி எறிந்தால் ஏழு பேரில் ஓர் இடம். பதினொன்று என்றால், "தும்ப சந்தோஷ, போய் சாப்பிடுங்க."

முதல் வெள்ளி. எட்டு பந்து அருமையாகப் போயிற்று. ஒன்பதாவது கொஞ்சம் தாழ்வாக வந்தது. அக்கா வாரினார், திரும்பினார், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கையில் வைத்தார். வாட்ச்மேன் வாங்கிக்கொண்டு, "இதை எங்கம்மா வைக்கட்டும்?" என்றார்.

இரண்டாம் வெள்ளி. வலது பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று அக்கா முன்கூட்டியே எல்லோரையும் விரட்டிவிட்டார். ஸ்கோர் எழுதும் என்னை மட்டும் மறந்துவிட்டார். பதினோராவது பந்து என் மடியில் வந்து உட்கார்ந்தது. அதில் மரிக்கொழுந்து வாசனை அடித்தது. அந்த வாரம் பேக்கிங்கில் மரிக்கொழுந்து பத்தி.

"குடுத்துட்டனா?" என்றார் அக்கா.

"குடுத்துட்டீங்க," என்றேன்.

மிச்சம் ஒரே ஒரு வெள்ளி. அதற்கடுத்த நாள் பெயர்ப் பட்டியல் கொடுத்தாக வேண்டும்.

அக்கா வீட்டிலும் விடவில்லை. அவர்கள் குடியிருக்கும் அதே காம்பவுண்டில் மாடி அறையில் நான் இருந்தேன். கீழே நடப்பது ஜன்னலில் தெரியும். துணி காயப்போடும் கொடிதான் வலை. ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் சித்தையன் அண்ணன். பந்துக்குப் பதில் தேவராஜா மார்க்கெட்டில் வாங்கிய முட்டைக்கோசு.

"ஏம்புள்ள, இதைச் சமைக்கறயா எறியறயா?"

"ரெண்டுந்தான். புடிங்க, பேசாதீங்க."

"நாலு நாளா கோசுப் பொரியல். நாளைக்கு ஒரு தர்பூசணி வாங்கியாந்து எறியேன், வாய்க்கு நல்லாருக்கும்."

கோசு ஒருதரம்கூடத் தவறான பக்கம் போகவில்லை. காரணம் எளிது: வீட்டில் அக்காவுக்கு வலது பக்கம் சுவர். சுவர் கை நீட்டாது. அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோசைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, "ஆகாதுங்க. என்ற இடுப்பு என்ற பேச்சைக் கேக்காது," என்றார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமைதான் அந்த விஷயம் நடந்தது. கம்பெனிக்குள் புது கோடவுன் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை செய்த கூட்டத்துக்குத் தலைவி ஆண்டாள், அக்காவோடு பல வருஷம் தளம் போட்டவர். முதல் மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கீழிருந்து செங்கல்லை வீச, மேலே சாரத்தில் நின்ற கொத்தனார் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு டப்பாவோடு அந்தப் பக்கம் போனார். பெட்டி எண்ணிக்கை சரிபார்க்க நானும் அங்கே நின்றேன்.

"அடியே ஊதுபத்திக்காரி!" என்று ஆண்டாள் கத்தினார். "தூரத்துல வரும்போதே மணக்குதடி! கை மறந்துபோச்சா இருக்கா? ரெண்டு கல்லு போடு பாக்கலாம்!"

"உன்னைவிட நல்லாப் போடுவேன். தள்ளு."

அக்கா டப்பாவை வைத்துவிட்டுச் செங்கல்லை எடுத்தார். மேலே இருந்த கொத்தனாரின் முகத்தைப் பார்த்தார். "புடிங்ணா!" என்று ஒரு குரல். கல் போயிற்று. அவர் பிடித்தார். அடுத்த கல். "புடிங்ணா!" அடுத்தது. ஆண்டாள் எடுத்து நீட்ட நீட்ட, அக்கா வாங்கி வாங்கி மேலே அனுப்பினார். கற்கள் பெரிய அவசரத்தில் மாடி ஏறிப்போகிற மாதிரி இருந்தது. முப்பது, முப்பத்தைந்து இருக்கும். திடீரென்று கையில் ஒரு கல்லோடு நின்றுவிட்டார்.

"தம்பி, பாத்தீங்களா?"

"என்னக்கா?"

"எனக்கு வலது பக்கம் ரெண்டு பேரு நிக்கறாங்க. நான் யாருக்காச்சும் ஒரு கல்லு குடுத்தனா?"

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். மணல் சலிக்கிற இரண்டு பெண்கள் அத்தனை நேரமும் அவருக்கு வலப்புறமே நின்றிருந்தார்கள்.

"சட்டின்னா பக்கத்துக்கு. கல்லுன்னா மேல." அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "சட்டிக்கு மூஞ்சி பாக்க வேண்டாம். கல்லுக்குப் பாத்தே ஆகோணும், இல்லீன்னா புடிக்கறவன் மண்டை போயிரும். நான் இத்தன நாளா பந்தைச் சட்டியாட்ட வாங்கிட்டு இருந்திருக்கேன்! அடி ஆண்டா, அது கல்லுடி!"

"எதுடி கல்லு?"

"பந்துடி!"

"வெயில் ஏறிப்போச்சு இவளுக்கு," என்று ஆண்டாள் மற்றவர்களிடம் சொன்னார். "யாராச்சும் மோர் குடுங்க."

ஒரு சிக்கல் இருந்தது. செங்கல்லை இரண்டு கையால் கீழிருந்து வீசுவார்கள். த்ரோபாலில் அப்படி எறிந்தால் தவறு. புதன் இரவும் வியாழன் இரவும் கொடிக்கு அந்தப் பக்கம் சித்தையன் அண்ணன் மறுபடி நின்றார். முகத்தைப் பார், கூப்பிடு, ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து எறி. "புடிங்ணா!" என்று மனைவி தன்னைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவர், "ஏம்புள்ள, கட்டின புருசனை அண்ணாங்கறயே, நாலு பேர் கேட்டா என்ன நெனைப்பாங்க?" என்று மாடி ஜன்னலைப் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மூன்றாம் வெள்ளி. முற்றத்தில் பேக்கிங் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆண்டாளின் கூட்டமும் சிமெண்ட் கையோடு வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தது. ரூபா மேடம் இந்தத் தடவை ஒரு காரியம் செய்தார். நஞ்சம்மாவை அழைத்து அக்காவுக்கு வலது பக்கம் நிறுத்தினார்.

"ரெண்டு கையும் நீட்டி நில்லுங்க நஞ்சம்மா. அவங்க குடுத்தா வாங்கிக்கங்க."

"வாங்கறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா மேடம்?" என்று நஞ்சம்மா ஆசையோடு கையை நீட்டினார்.

முதல் பந்து. அக்கா பிடித்தார். இடுப்பு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். பிறகு தலை நிமிர்ந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ரூபா மேடத்தின் முகத்தில் கண்ணை நிறுத்தினார்.

"புடிங்ணா!"

பந்து மேடத்தின் தோளில் பட்டு உருண்டது. மேடம் கையையே தூக்கவில்லை.

"யாருக்கு அண்ணா?" என்றார் மேடம்.

"மன்னிச்சுக்கங்க மேடம், வாயில வந்துருச்சு."

"நோடி, எல்லாரும் பாருங்க, எனக்கு மீசை வந்துருச்சா?"

முற்றம் சிரித்தது. இரண்டாவது பந்து. "புடிங்ணா!" மூன்றாவது. "புடிங்ணா!" அக்காவால் அதைச் சொல்லாமல் எறிய முடியவில்லை, மேடத்தால் அதைக் கேட்டுவிட்டுப் பிடிக்க முடியவில்லை. ஆறாவது பந்தில் மேடத்தின் உதடு துடித்தது. எட்டாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவதை எறியும்போதே சிரித்துவிட்டதால் பந்து கோணலாகப் போயிற்று. அக்கா தாவி அதையும் பிடித்தார்.

பன்னிரண்டாவது. தரையை ஒட்டி வந்தது, போன வருஷத்துப் பந்து மாதிரியே. அக்கா குனிந்து வாரிய அந்த நொடியில் நஞ்சம்மா பழைய குரலில், படிக்கட்டுக் குரலில், "சட்டி! சட்டி குடு தாரணி!" என்று கத்தினார்.

இடுப்பு முழுசாகத் திரும்பிவிட்டது. பந்து நஞ்சம்மாவின் கைகளுக்கு மேல் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. ஒரு வினாடி. ஆண்டாள் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு வினாடி.

"போடி இவளே!" என்று அக்கா நஞ்சம்மாவிடம் சொன்னார். திரும்பினார். "அண்ணா! புடிங்ணா!"

அண்ணா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். பந்து அவருக்குப் பின்னால், கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

"ஆய்து, முடிஞ்சுது," என்றார் மேடம், மூச்சு வாங்க. "எடம் உங்களுக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச் வரைக்கும்தான் அக்கா. அதுல ஒரே ஒரு பந்து பக்கத்துல போனாலும் அடுத்த மேட்ச்சுக்கு மறுபடி துண்டும் பாட்டிலும்தான்."

"ஒரு பந்துகூடப் போவாதுங்க."

"நஞ்சம்மா, நீங்க கையைக் காட்டாம ஆடுங்க."

"கையில்லாம எப்படி மேடம் ஆடறது?"

ஞாயிறு எதிரே நின்றது அதே பிஸ்கட் கம்பெனி, அதே நெட்டைப் பெண். எங்கள் எட்டாவது புள்ளி வரை அக்காவை யாராலும் பிடிக்க முடியவில்லை. "புடிங்ணா!" என்றதும் அந்த நெட்டைப் பெண் யாரோ தனக்குப் பின்னால் இருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பாள். பந்து அவள் காலடியில் விழும். பிறகு நடுவர் வந்தார்.

"அம்மா, எதிர் டீமைப் பார்த்துக் கத்தக் கூடாது. இனிமே கத்தினா பாயிண்ட் அவங்களுக்கு."

"நான் எச்சரிக்கைக்குத்தானுங்க சொல்றேன். சொல்லாமப் போட்டா அடிபட்டுரும்."

"இது பந்தும்மா."

அடுத்த பந்து வந்தது. அக்கா பிடித்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டதில் கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. குரல் இல்லாமல் கைக்கு வழி தெரியவில்லை. இடுப்பு வலது பக்கம் நகர ஆரம்பித்தது. அதைப் பார்த்த நஞ்சம்மா பதறிப்போய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அக்கா கடைசி நேரத்தில் திரும்பி எப்படியோ எறிந்தார். பந்து வலையில் மோதி இந்தப் பக்கமே விழுந்தது. அடுத்ததும் அப்படியே. நாங்கள் எட்டு, அவர்கள் ஆறு என்று இருந்தது எட்டுக்குப் பதினொன்று ஆயிற்று. ரூபா மேடம் ஓரத்தில் நின்ற எட்டாவது ஆளைப் பார்த்தார். அக்கா அந்தப் பார்வையைப் பார்த்தார்.

பந்து மறுபடி அக்காவிடமே வந்தது. பிடித்தார். கன்னம் உப்பியது.

"புடிங்ணா!"

சொன்னது அக்கா இல்லை. கோட்டுக்கு வெளியே, நாலு பெண்களோடு உட்கார்ந்திருந்த ஆண்டாள். அந்தக் குரல் காதில் விழுந்ததுதான் தாமதம், அக்காவின் தலை நிமிர்ந்தது, கை உயர்ந்தது, பந்து வலையைத் தாண்டி மூலையில் விழுந்தது.

நடுவர் விசிலோடு ஓடிவந்தார். "யார் கத்தினது?"

"நாங்க ஆட்டத்துல இல்லீங்களே சாமி," என்றார் ஆண்டாள். "சும்மா உக்காந்திருக்கோம். எங்க வாய், நாங்க கத்தறோம்."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வேடிக்கை பார்ப்பவர்கள் யாரை அண்ணா என்று கூப்பிடக் கூடாது என்று அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அடுத்த பந்துக்கு ஆண்டாளோடு பத்துப் பேர் கத்தினார்கள். அதற்கடுத்ததுக்கு பேக்கிங் முழுக்க. சித்தையன் அண்ணன் வேலியில் ஏறி நின்று, தன் மனைவிக்காக முன்பின் தெரியாத பெண்ணை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீ விற்க வந்தவர் கெட்டிலை வைத்துவிட்டுக் கத்தினார். பதிமூன்றுக்குப் பதிமூன்று ஆனபோது பிஸ்கட் கம்பெனிக்காரர்களே சிலர் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்; பழக்கதோஷம். நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். ஸ்கோர் நோட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் எண்கள் கோட்டுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக் கிடக்கின்றன.

பதினாலுக்குப் பதிமூன்று, நாங்கள் முன்னால். கடைசிப் பந்து நெட்டைப் பெண்ணின் கையிலிருந்து அக்காவுக்கும் நஞ்சம்மாவுக்கும் நடுவே வந்தது. இரண்டு பேரும் பாய்ந்தார்கள். நஞ்சம்மாதான் பிடித்தார். பிடித்துவிட்டு, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து, அவர் இடுப்பு இந்தத் தடவை இடது பக்கம் திரும்பியது.

"வேண்டாமுங்!" என்று அக்கா அலறி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். "எனக்கு வேண்டாம்! அங்க போடுடி! மேல!"

நஞ்சம்மா விழித்தார், திரும்பினார், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அது எங்கே விழுந்தது என்று நஞ்சம்மாவைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். கோட்டின் மேலேயே. நடுவர் எங்கள் பக்கம் கையைத் தூக்கினார்.

அதன் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள், யார் மேல் யார் விழுந்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்சம் அடங்கியதும் ரூபா மேடம் என் நோட்டைப் பிடுங்கி, அடுத்த ஞாயிறுக்கான ஏழு பெயர்களை அங்கேயே எழுதினார். முதல் பெயராகத் தாரணி என்று எழுதினார். அக்கா தலையைக் குனிந்து அதைப் படித்தார். பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொன்னார். சித்தையன் அண்ணனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"படிச்சாச்சு புள்ள. தாரணின்னுதான் போட்டிருக்கு."

"இன்னொருக்கா படிங்க."

திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். நம்பர் பனியனைக் கழற்ற மாட்டேன் என்று அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழிக்க கண்டக்டர் வந்து, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார்.

"எல்லிகம்மா?"

"பதினஞ்சு, பதிமூணு!" என்றார் அக்கா.

கண்டக்டர் சற்று யோசித்தார். "ஆ ஸ்டாப்பு நம்ம ரூட்டல்லி இல்லம்மா."